எஞ்சி நின்ற பொருள்: கனத்த குவார்க்குகளின் வரலாறு

ஆண்டு விழா மலர் என்றால் அதில் சங்க இலக்கியம் இருக்கும், சமயம் இருக்கும், ஊர் நினைவு இருக்கும், சமையற் குறிப்பும் ஒன்றிரண்டு இருக்கும். இவற்றிற்கிடையே அணுவினுள் உறையும் நுண்துகள்களின் வரலாறு எதற்கு என்று அன்பர் சிலர் மூக்கின்மேல் விரலை வைக்கக்கூடும். நம் காலனியில் உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களுடைய பாடநூலில் எலக்ட்ரானும் புரோட்டானும் வருகின்றன. ஆயின் அவை இவ்வுலகில் எவ்வாறு எஞ்சி நின்றன என்னும் கதை பெரும்பாலும் வருவதில்லை. அதனையே ஈண்டுச் சொல்ல விழைகிறோம். பெற்றோரும் உடன் அமர்ந்து படிக்கலாம். கணக்கு ஒன்றும் போடப்போவதில்லை.

கதை 1928ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பால் டிராக் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர், எலக்ட்ரானின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடு ஒன்றை எழுதினார். அச்சமன்பாட்டிற்கு ஒரு விடை வேண்டியிருக்க, இரண்டு வகை விடைகள் வந்தன. நான்கின் வர்க்கமூலம் என்னவென்று கேட்டால் கூட்டல் இரண்டும் ஆகும், கழித்தல் இரண்டும் ஆகும் அல்லவா? அதுபோன்றதே இதுவும். வேறொருவராயின் வேண்டாத விடையை அடித்துவிட்டு மேலே சென்றிருப்பார். டிராக் அப்படிச் செய்யவில்லை. மூன்றாண்டுகள் அதனோடு போராடி, 1931இல், எலக்ட்ரானின் எடையே உடையதும் எதிர் மின்னேற்றம் கொண்டதுமான ஒரு புதுத் துகள் இருத்தல் வேண்டும் என்று துணிந்தார். மறு ஆண்டிலேயே அமெரிக்காவில் பாசடீனா நகரில் கார்ல் ஆண்டர்சன் என்பவர், வானத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை மேகப் பெட்டியிற் படம் பிடித்தபோது, எலக்ட்ரான் வளைய வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் வளைந்து சென்ற ஒரு தடத்தைக் கண்டார். அதுவே பாசிட்ரான். மனிதன் கண்ட முதல் எதிர்ப்பொருள் அது. 1955இல் பெர்க்லியில் செக்ரேயும் சேம்பர்லினும் அவர்தம் குழுவினரும் எதிர்ப் புரோட்டானையும் உண்டாக்கிக் காட்டினர்.

எதிர்ப்பொருள் என்றவுடன் அதை ஏதோ மாயாஜாலக் கதைக்கு உரியது என்று எண்ணிவிடல் ஆகாது. பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோயைக் கண்டறியப் 'பெட்' ஸ்கேன் எடுக்கிறார்களே, அங்கே நோயாளியின் உடலில் செலுத்தப்பெறும் சர்க்கரை போன்ற மருந்திலிருந்து வெளிப்படுவது இந்தப் பாசிட்ரானே. நம் வீட்டு வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்திலிருந்தும் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறை ஒரு பாசிட்ரான் பிறக்கிறது. பிறந்த மறுகணமே அது அருகிலுள்ள ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கிறது, இரண்டும் மறைகின்றன, ஒளி மட்டும் மிஞ்சுகிறது. பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் முடிவு இதுதான்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஆற்றலிலிருந்து ஒரு துகளை உண்டாக்கினால், அதன் எதிர்த்துகளும் உடன் பிறக்கிறது. வரவு ஒன்று எழுதினால் பற்று ஒன்றும் எழுதியே தீரவேண்டும் என்பது போன்ற கண்டிப்பான பேரேடு அது. அவ்வாறாயின், ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்குமுன் பிரபஞ்சம் கொதிக்கும் ஆற்றலாகத் தொடங்கியபோது, பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகவே பிறந்திருத்தல் வேண்டும். சமமாகப் பிறந்தவை ஒன்றையொன்று அழித்து, வெறும் ஒளியே எஞ்சியிருத்தல் வேண்டும். கதிரவனும் இல்லை, காவிரியும் இல்லை, இம்மலரைப் படிப்பதற்கு நாமும் இல்லை.

ஆனால் நாம் இருக்கிறோம். எதிர்ப்பொருளாலாகிய விண்மீன்கள் வேறெங்கேனும் இருக்கக்கூடும் என்று டிராக்கே 1933இல் நோபெல் பரிசு பெற்றபோது கருதினார். அப்படி இருந்தால் அவற்றின் எல்லையில் நம் பொருளும் அப்பொருளும் உராய்ந்து காமாக் கதிர்களைச் சொரிய வேண்டும். வானத்தைத் துருவிப் பார்த்தும் அத்தகைய எல்லை எதுவும் தென்படவில்லை. இன்று பிரபஞ்சத்திலுள்ள பொருளின் அளவையும் அக்கால ஒளியின் எச்சத்தையும் ஒப்பிட்டு விஞ்ஞானிகள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: தொடக்கத்தில் ஏறத்தாழ நூறு கோடி எதிர்த்துகள்களுக்கு நூறு கோடியே ஒன்று என்ற அளவில் துகள்கள் இருந்திருக்கின்றன. நூறு கோடியும் நூறு கோடியும் கழிந்தன. எஞ்சிய ஒன்றில்தான் விண்மீன்களும் மலைகளும் மனிதர்களும் அடக்கம். நூறு கோடி ரூபாய்ப் பேரேட்டில் ஒரு ரூபாய் கூடுதலாக நின்றால் நல்ல கணக்குப்பிள்ளை உறங்கமாட்டார். அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது?

இயற்கை பொருளையும் எதிர்ப்பொருளையும் ஒரே கண்ணால் பார்க்கிறதா என்பதே அடுத்த வினா. வாசலில் இட்ட கோலத்தைக் கண்ணாடியிற் பார்த்தால் இடம் வலமாகத் தோன்றும். எனினும் கண்ணாடியில் தெரிவதும் கோலமே. அதைப் பார்த்து அப்படியே மற்றொரு வாசலில் இட முடியும். இயற்கையும் அவ்வாறே, கண்ணாடியில் தெரிவதெல்லாம் நேரிலும் நிகழும் என்றே எல்லோரும் நம்பியிருந்தனர். 1956இல் லீ, யாங் என்னும் சீன நாட்டுப் பிறப்பினர் இருவர் இந்நம்பிக்கைக்குச் சான்று உண்டா என்று கேட்டனர். வூ என்னும் அம்மையார் கோபால்ட்டு அணுக்களை மிகக் குளிர்ந்த நிலையில் வைத்துச் சோதித்து, வலுக்குறைந்த விசை என்னும் ஒன்று இடவலத்தை வேறுபடுத்திப் பார்க்கிறது என்று 1957இல் நிலைநாட்டினார். கேட்ட இருவருக்கும் அவ்வாண்டே நோபெல் பரிசு கிடைத்தது; செய்து காட்டிய அம்மையாருக்குக் கிடைக்கவில்லை. இது நமக்கு இன்றும் உறுத்துகிறது.

விஞ்ஞானிகள் விரைவில் மனத்தைத் தேற்றிக்கொண்டனர். கண்ணாடியிற் பார்ப்பதோடு, துகளுக்குப் பதிலாக எதிர்த்துகளையும் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றனர். இந்த ஆறுதல் ஏழாண்டுகளே நீடித்தது. 1964இல் நியூயார்க்கிற்கு அருகிலுள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் குரோனின், ஃபிட்ச் என்பவரும் துணைவர் இருவரும் கேயான் என்னும் துகள்களை ஆராய்ந்தனர். நெடுநாள் வாழும் கேயான் மூன்று பையான்களாகச் சிதையலாம். இரண்டாகச் சிதைதல் கூடாது என்பது விதி. ஆனால் ஆயிரத்திற்கு இரண்டு வீதம் அது இரண்டாகவும் சிதைந்தது. ஆயிரத்திற்கு இரண்டுதானே என்று விட்டுவிடவில்லை. இயற்கை பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே வேற்றுமை பாராட்டுகிறது என்பது முதன்முதலாக வெளிப்பட்ட இடம் அது. பலர் நம்ப மறுத்தனர், வேறு விளக்கம் தேடினர், ஒன்றும் நிற்கவில்லை. இருவருக்கும் 1980இல் நோபெல் பரிசு வந்தது.

இதன் பொருளை முதலில் உணர்ந்தவருள் ஒருவர் சோவியத் நாட்டின் ஆந்திரேய் சகாரோவ். ஹைட்ரஜன் குண்டை ஆக்குவதிற் பெரும்பங்கு கொண்டவரும், பின்னர் மனித உரிமைக்காகக் குரல் கொடுத்து 1975இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றவரும் இவரே. 1967இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றில், அந்த ஒரு ரூபாய் உண்டாக வேண்டுமாயின் மூன்று நிகழ்ச்சிகள் கூடிவர வேண்டும் என்றார். பொருளின் மொத்த எண்ணிக்கை மாறுவதற்கு வழி இருத்தல் வேண்டும். பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் விதி சற்றே வேறுபடல் வேண்டும். பிரபஞ்சம் சமநிலை குலைந்து விரைந்து மாறும் நேரத்தில் இவை நடைபெறல் வேண்டும். இரண்டாம் நிபந்தனைக்குத்தான் கேயான் சான்று தந்தது. அவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்லவில்லை.

அதைச் சொன்னவர்கள் ஜப்பானியர் இருவர். இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்கு என்னும் இன்னும் சிறிய துகள்களால் ஆனவை என்று 1964இல் கெல்-மன்னும் சுவைக்கும் தனித்தனியே கூறினர். அப்போது வேண்டியிருந்தவை மூன்றே: மேற்குவார்க்கு, கீழ்க்குவார்க்கு, விந்தைக் குவார்க்கு. நான்காவது ஒன்று தேவை என்று 1970இல் கிளாஷோ முதலிய மூவர் வாதிட்டனர். உலகில் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் காற்று வேறு விதமாக வீசியது. அங்கே நியூ என்னும் பேராசிரியர், படத்தகடுகளை விமானத்தில் ஏற்றி உயரே அனுப்பிக் காஸ்மிக் கதிர்களின் தடங்களைப் பதிவு செய்து, 1971இல் ஒரு புதிய கனத்த துகளின் சுவட்டைக் காட்டியிருந்தார். அதனால் நான்காவது குவார்க்கு என்றால் அங்குள்ளோர் திடுக்கிடவில்லை.

அந்த நகோயாவிற் பயின்ற மகோட்டோ கோபயாஷி, தோஷிஹிதே மாஸ்கவா என்னும் இருவரும் 1972இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒருங்கே பணியாற்றினர். ஒருவருக்கு வயது இருபத்தெட்டு, மற்றவருக்கு முப்பத்திரண்டு. நான்கு குவார்க்குகளைக் கொண்டு கேயானின் முறைகேட்டை விளக்க முயன்றனர். பல வழியிலும் பார்த்தனர், கணக்கு நேராகவில்லை. நான்கினால் முடியாது என்றே கட்டுரை எழுதிவிடலாம் என்று கருதிய ஒரு மாலையில், மாஸ்கவா குளித்துவிட்டுத் தொட்டியிலிருந்து எழும்போது, நான்கு போதாதாயின் ஆறு இருந்தால் என்ன என்று தோன்றியதாம். இதை அவரே பின்னாளிற் கூறியிருக்கிறார். உலகம் மூன்று குவார்க்கை மட்டும் ஒப்புக்கொண்டிருந்த வேளையில் ஆறு கேட்பது அசட்டுத் துணிவே. 1973 பிப்ரவரியில் ஆறே பக்கமுள்ள அக்கட்டுரை ஒரு ஜப்பானிய ஏட்டில் வெளிவந்தது. அதன் இறுதிப் பகுதியில்தான் ஆறு குவார்க்குகள் வருகின்றன. இரண்டோர் ஆண்டுகள் அதனைச் சீந்துவார் இல்லை.

ஆறு எதற்கு என்பதை ஓர் உவமையாற் காட்டலாம். குவார்க்குகள் இவ்விரண்டாகச் சேர்ந்து குடும்பம் நடத்துகின்றன. நான்கு என்றால் இரண்டு குடும்பம், ஆறு என்றால் மூன்று. இரண்டு ஊர்களுக்கு வெவ்வேறு நாணயம் உண்டு என்று கொள்வோம். இடையிலுள்ள மாற்று விகிதம் எதுவாயினும் நாணயத்தின் அலகை மாற்றி எழுதினால் விகிதம் ஒன்றுக்கு ஒன்றாகிவிடும்; அதில் வியப்பு ஒன்றும் ஒளிந்திருக்க முடியாது. மூன்று ஊர்களாயின் கதை வேறு. முதல் ஊரில் மாற்றி, இரண்டாம் ஊரில் மாற்றி, மூன்றாம் ஊரில் மாற்றித் திரும்பினால் கையில் ஒரு காசு கூடியிருக்கலாம். எந்த ஊர் அலகை எப்படி மாற்றி எழுதினாலும் அந்தக் காசு மறையாது. எதிர்த்திசையிற் சுற்றி வந்தவனுக்கு ஒரு காசு குறையும். பொருள் ஒரு திசையிலும் எதிர்ப்பொருள் மறு திசையிலும் சுற்றுவதாக எண்ணிக்கொள்க. உவமை உவமையே, எனினும், வேறுபாடு பிறப்பதற்குக் குறைந்தது மூன்று குடும்பம் வேண்டும் என்னும் கருத்தின் சாரம் இதில் அடங்கும்.

பிறகு நிகழ்ந்தவை வேகமானவை. 1974 நவம்பரில் டிங்கின் குழுவும் ரிக்டரின் குழுவும் வெவ்வேறு ஆய்வகங்களில் நான்காவதாகிய கவர்ச்சிக் குவார்க்கைக் கண்டு ஒரே நாளில் அறிவித்தன. 1977இல் சிக்காகோவிற்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்தில் லீடர்மனின் குழு ஐந்தாவதாகிய அடிக் குவார்க்கைக் கண்டது. முந்தைய ஆண்டில் இதே குழு கண்டதாக அறிவித்த வேறொரு துகள் பின்னர்ச் சுவடின்றி மறைந்திருந்ததால், இம்முறை மிக எச்சரிக்கையாகவே வாய் திறந்தனர். ஆறாவதாகிய உச்சிக் குவார்க்கு 1995 வரை அகப்படவில்லை. காரணம் அதன் கனம்: தனி ஒரு குவார்க்கு, ஒரு முழுத் தங்க அணுவைவிடச் சற்றே குறைந்த எடை உடையது. அதைக் கண்ட இரு குழுக்களில் ஒன்றில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், தில்லிப் பல்கலைக்கழகத்தாரும், பஞ்சாப் பல்கலைக்கழகத்தாரும் பங்கு கொண்டிருந்தனர்.

குவார்க்குகள் ஆறும் கிடைத்தன. ஆனால் கோபயாஷி, மாஸ்கவா சொன்ன காரணமே சரியானதென்று எப்படி அறிவது? இதற்குத்தான் கனத்த குவார்க்குகள் வேண்டியிருக்கின்றன. மூன்றாம் குடும்பத்திற் பிறந்த வேறுபாட்டைக் கேயானில் தேடுவது, சம்பந்தி வீட்டுச் செய்தியை மூன்றாம் தெருக்காரரிடம் கேட்பது போன்றது. ஆயிரத்திற்கு இரண்டே தெரியும். அடிக் குவார்க்கு அக்குடும்பத்தின் உறுப்பினரே. அதனைத் தாங்கிய 'பி' மேசான் என்னும் துகளின் குறிப்பிட்ட சில சிதைவுகளில் இவ்வேறுபாடு பத்துப் பத்தாகச் சதவீதம் தெரியவேண்டும் என்று 1980ஐ ஒட்டிச் சாண்டா முதலியோர் கணித்தனர். அடிக் குவார்க்கிற்கு மற்றொரு வசதியும் உண்டு. தன் குடும்பத்து இணையாகிய உச்சிக் குவார்க்கு தன்னைவிடப் பன்மடங்கு கனமானது. ஆகவே அதுவாக மாறுதல் இயலாது. வேறு குடும்பத்திற்குத் தாவித்தான் சிதைய வேண்டும். அது எளிதில் நடப்பதில்லை. அதனால் 'பி' மேசான் ஒரு நொடியை இலட்சம் கோடியாகப் பகுத்தால் அதில் ஒன்றரைப் பங்கு காலம் உயிர்வாழ்கிறது. நமக்கு அது இமைப்பொழுதும் அன்று. துகள் உலகில் அது நீண்ட ஆயுள்.

இந்த ஆயுளை அளக்க ஒரு நல்ல சூழ்ச்சி செய்தனர். எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் சம வேகத்தில் மோதவிட்டால் பிறக்கும் மேசான்கள் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே மடியும். எது முன், எது பின் என்று சொல்ல இயலாது. ஒரு பக்கம் ஆற்றலை மிகுத்து, மறுபக்கம் குறைத்து மோதவிட்டால் மேசான்கள் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே சிதையும். ஓடும் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதை அளந்தால் காலம் தெரிந்துவிடும். ஜப்பானில் த்ஸுகுபா நகரத்துக் கே.இ.கே. ஆய்வகமும், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வகமும் இத்தகைய 'பி தொழிற்சாலை'களைக் கட்டி, 1999இல் இயக்கின. 2001ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டும் விடை கூறின: வேறுபாடு உண்டு, அதுவும் சொன்ன அளவிலேயே உண்டு. 2010 வரை ஓடிய ஜப்பானியக் கருவி மட்டும் எழுபத்தேழு கோடி இணை 'பி' மேசான்களைச் சேர்த்தது.

2008இல் கோபயாஷிக்கும் மாஸ்கவாவுக்கும், மூத்தவராகிய நம்புவுக்கும் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. மாஸ்கவா அதுவரை கடவுச்சீட்டே எடுத்தவரல்லர். ஆங்கிலம் பேச வராது என்று சொல்லிவிட்டு, ஸ்டாக்ஹோமில் தமது பேருரையை ஜப்பானிய மொழியிலேயே நிகழ்த்தினார். சொந்த ஊரைவிட்டு வெகுதூரம் வந்து, வீட்டுக்குள் மட்டும் தாய்மொழி பேசும் நம் போன்றோர்க்கு இச்செய்தி ஒரு தனிச் சுவை உடையது. அவர் 2021இல் மறைந்தார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், முடியவில்லை. கோபயாஷி, மாஸ்கவா கண்ட வேறுபாட்டைக் கொண்டு பிரபஞ்சத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வேண்டிய ஒரு ரூபாய் வரவில்லை. கோடிக்கணக்கான மடங்கு குறைவாகவே வருகிறது. ஆய்வகத்தில் கண்டதெல்லாம் சரி. நாம் இருப்பதற்கு அது போதவில்லை. வேறொரு காரணமும் எங்கோ ஒளிந்திருத்தல் வேண்டும். கனத்த குவார்க்குகளை இன்னும் ஆராய்வது இதற்காகவே. கணக்கிட்டதற்கும் கண்டதற்கும் எங்கேனும் சிறு பிசகு தென்பட்டால் அதுவே புதிய வழியின் வாயில். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 'எல்.எச்.சி.பி.' என்னும் கருவி, 2019இல் கவர்ச்சிக் குவார்க்கின் சிதைவிலும் இவ்வேறுபாடு உண்டென்று கண்டது. 2025இல் அதைவிட நமக்கு நெருங்கிய செய்தி வந்தது. அதுவரை கண்டவையெல்லாம் மேசான்களில். நம் உடலோ புரோட்டான் இனமாகிய பேரியான்களால் ஆனது. அடிக் குவார்க்கைத் தாங்கிய லாம்டா என்னும் பேரியானும் அதன் எதிர்த்துகளும் சிதைவதில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை வேறுபாடு உண்டு என்பது அவ்வாண்டு உறுதியாயிற்று. த்ஸுகுபாவிலும் இரண்டாம் தலைமுறைக் கருவி 2019 முதல் தரவு சேர்த்து வருகிறது. அதன் நெஞ்சகத்திலுள்ள சிலிக்கான் உணர்கருவியின் ஓர் அடுக்கை மும்பை டாடா நிறுவனத்தார் செய்து தந்தனர்; சென்னை ஐ.ஐ.டி.யினரும் அவ்வாராய்ச்சியில் உள்ளனர்.

சகாரோவின் முதல் நிபந்தனையைப் பற்றியும் ஒரு சொல். பொருளின் எண்ணிக்கை மாறக்கூடுமாயின், புரோட்டான் என்றேனும் ஒருநாள் சிதைய வேண்டும் என்று 1973, 1974 ஆண்டுகளில் ஒடிசாவிற் பிறந்த ஜோகேஷ் பதி, அப்துஸ் சலாம் முதலியோர் கூறினர். அதைத் தேடி உலகில் முதன்முதலாக எழுந்த பெருங்கருவிகளுள் ஒன்று நம் நாட்டிலேயே அமைந்தது. கோலார் தங்கவயலை அறியாத தமிழர் குறைவு. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கம் அது. மூன்று கிலோமீட்டருக்கு மேலும் ஆழம் சென்றது. மேலேயுள்ள பாறை காஸ்மிக் கதிர்களைத் தடுத்துவிடுமாதலால், 1951 முதலே டாடா நிறுவனத்து விஞ்ஞானிகள் அங்கே இறங்கினர். 1965இல் வளிமண்டலத்திற் பிறந்த நியூட்ரினோவை அங்கே கண்டனர்; தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கமொன்றிலும் ஏறத்தாழ அதே காலத்தில் அது தென்பட்டது. 1980ஐ ஒட்டி, 2300 மீட்டர் ஆழத்தில், 140 டன் எடையுள்ள இரும்பு அடுக்குகளாலாகிய உணர்கருவியை ஜப்பானியரோடு சேர்ந்து அமைத்துப் புரோட்டானின் சாவுக்காகக் காத்திருந்தனர். ஐயத்திற்கிடமான சில தடங்கள் கிடைத்தன. பிற நாடுகளின் பெரிய கருவிகள் அவற்றை உறுதிப்படுத்தவில்லை. 1992இல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. விஞ்ஞானிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அவர்களைக் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்கியவர்களுக்கும், அந்த வெப்பத்தில் அவர்களுக்கு இடம் வெட்டித் தந்தவர்களுக்கும் நூல்களில் இடம் அமையவில்லை. தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் இம்மலரைப் படிக்குமாயின், தாத்தாமார் சொன்ன செய்திகளை எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம்.

அதே புரோட்டானைத் தேடி ஜப்பானில் காமியோகா சுரங்கத்தில் 1983இல் கட்டிய நீர்த்தொட்டி, புரோட்டானைக் காணவில்லை. 1987இல் வெடித்த ஒரு விண்மீனின் நியூட்ரினோக்களைக் கண்டு புகழ்பெற்றது. அதன் வழிவந்த 50,000 டன் நீர்த்தொட்டி 1996 முதல் காத்திருக்கிறது. புரோட்டானின் சராசரி ஆயுள், ஒன்றுக்குப் பின் முப்பத்து நான்கு சுழியிட்ட ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது மட்டும் இதுவரை தெரிந்துள்ளது. நியூட்ரினோக்களே அந்த ஒரு ரூபாயைக் கொணர்ந்திருக்கக்கூடும் என்று 1986இல் ஃபுகுகிதாவும் யானகிதாவும் கூறினர். அதனைச் சோதிக்கவும், புரோட்டானுக்காக மேலும் காத்திருக்கவும், முன்னதினும் பன்மடங்கு பெரிய தொட்டியொன்று அந்தக் காமியோகா மலைக்குள்ளேயே கட்டப்பட்டு வருகிறது.